மிஞ்சிப் போனால் ஒரு தடவை

செபமாலையில் நாலாவது மணியிலேயே நிற்கிறேன். விரல் மணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வாய் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, மனசு மட்டும் அந்தக் கதவுக்குப் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. சாத்திய கதவு. உள்ளே என் மகள் பெனிட்டா இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாள். கடிகாரத்தில் பத்து இருபத்திரண்டு. பதினொன்றேகால் வரைக்கும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சாத்தினாள். "அம்மா, மிக்ஸி போடாத. குக்கர் வைக்காத. குழாயத் திறந்தாக்கூட உள்ள கேக்கும். செபமாலை சொல்லிட்டு இரு, எனக்கும் சேத்து." தலையாட்டினேன். தலையாட்டித் தலையாட்டியே அறுபத்தொரு வயசாகிவிட்டது. இந்த வீட்டுக்கு ஒரே ஒரு படுக்கையறை. அந்த அறைக்குள்ளேதான் அவளுடைய மேசை. அவள் நாற்காலிக்குப் பின்னால் பாத்ரூம் கதவு. வீட்டுக்கு இருக்கிற ஒரே பாத்ரூம். பத்து மணிக்கு அவளும் அதை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இப்போது எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. அடிவயிற்றில் ஒரு ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கிறது. காலைக் காலோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை, சந்தோஷ தேவ ரகசியம், மூன்றாவது, தொழுவத்தில் பாலன் பிறந்தது, நாலாவது மணி. சந்தோஷமாம். எனக்கு எரிகிறது மாதாவே. வயிறு மட்டும் இல்லை.

கோபம் வந்தால் நான் பேச மாட்டேன். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலும் அப்படித்தான். குடித்துவிட்டு வந்து நிற்பார், நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன், ஒரு சொல் வராது. சாந்தமான பொம்பளை என்று கோவில் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். பங்குச்சாமியார்கூடச் சொன்னார், அருளாயி மாதிரி பொறுமை யாருக்கு வரும் என்று, பூசை முடிந்து நாலு பேர் முன்னால். இல்லை சாமி. இருக்கிறது, உள்ளே இருக்கிறது, இத்தனை வருசமும் உள்ளேதான் இருந்திருக்கிறது. அடக்கத் தெரிந்தவளுக்கு எல்லாம் ஒன்றுதான், கோபமாக இருந்தால் என்ன, இதுவாக இருந்தால் என்ன. இப்போது இரண்டும் ஒன்றாக முட்டுகிறது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. காலையில் மட்டும் அவள் அதைக் காட்டாமல் இருந்திருந்தால். ஒன்பதே முக்காலுக்கு, தலைவாரி, மேலுக்கு நல்ல சட்டை, கீழே நைட் பேண்ட், "அம்மா வா, இங்க வந்து ஒக்காரு, ஒனக்கு ஒரு வித்தை காட்டறேன்." போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டேடியம். நாற்பதாயிரம் பேர் உட்காரலாமாம். இன்னும் கட்டவில்லை. ஒரு செங்கல்கூடப் போகவில்லை, வெறும் பொட்டல். ஆனால் உள்ளே கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தூண் எழும்புகிறது, கிரேன் திரும்புகிறது, லாரி வந்து கொட்டிவிட்டுப் போகிறது. இப்படி நானூறு தடவை கட்டிப் பார்த்தாளாம். நானூறு தடவையும் வேறு வேறு மாதிரி. எப்படிக் கட்டினால் நாள் குறையும், செலவு குறையும் என்று அந்த மிஷினே சொல்லிவிடுமாம். ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் நானூறு ஸ்டேடியம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

"இந்தப் புள்ளியெல்லாம் என்னடி?" என்றேன். "அதான் ஆளுங்க. மஞ்சள் ஆம்பளைங்க, ஆரஞ்சு பொம்பளைங்க." எறும்பு மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடுகிற புள்ளிகள். சில புள்ளி சட்டென்று சிவப்பாகிறது. "அது?" "சும்மா நிக்கிறாங்கன்னு அர்த்தம். அந்தச் செவப்பக் கொறைக்கிறதுதான் என் வேலையே." நின்றால் சிவப்பு. நான் கட்டட வேலைக்குப் போன காலத்தில் எங்கள் மேஸ்திரிக்கும் அந்தக் கண்தான் இருந்தது, நின்றால் சிவக்கிற கண். சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஓரமாக நடந்தது. நீள நடந்தது. அந்தப் பக்கத்து மூலையிலிருந்து இந்தப் பக்கத்து வாசல் வரைக்கும், லாரிக்கும் கம்பிக்கும் நடுவில், ஒத்தையாக. "இது எங்கடி போகுது?" "பாத்ரூம்." "ஏன் ஒத்தையா போகுது?" பெனிட்டா சிரித்தாள். "புள்ளிதானம்மா. அதுக்கென்ன தொணை?" அப்புறம்தான் சொன்னாள். முதலில் நூற்றியெண்பது பெண்களுக்கு ஆறு இடத்தில் கக்கூஸ் போட்டிருந்தார்களாம். நடுவில் இருக்கிற நாலையும் எடுத்துவிட்டு வாசலில் இரண்டு மட்டும் வைத்தால் கிரேன் நேர்கோட்டில் போகிறதாம், பதினோரு நாள் மிச்சமாம். இதை ஆபீஸில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லையாம், அவள்தான் கண்டுபிடித்தாளாம். இன்றைக்கு மீட்டிங்கில் இது பாஸ் ஆனால் அடுத்த மாதமே வேலை ஆரம்பம், அவளுக்கும் பெரிய பதவி. "நூத்தியெம்பது பொம்பளைக்கு ரெண்டு போதுமாடி?" என்றேன். "போதும்மா. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவதானே. நீதானே சொன்ன? 'அனுபவமுள்ள பெண் தொழிலாளியிடம் கேட்டது'ன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கேன். ஒன் பேரு மட்டும்தான் இல்ல." என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான்தான் சொன்னேன். மூன்று மாசத்துக்கு முன்னால். இதே நாற்காலி, மடியில் முறத்தில் முருங்கைக்கீரை, உருவிக்கொண்டிருந்தேன். எதிரில் மடியில் கம்ப்யூட்டரோடு அவள். நிமிராமலே கேட்டாள். "அம்மா, நீ சைட்டுக்குப் போனப்ப ஒரு நாளைக்கு எத்தனை தடவ பாத்ரூம் போவ?" என் வேலையைப் பற்றி என் மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பத்தொன்பது வருசம் சித்தாள் வேலை பார்த்தேன். அந்தக் கூலியில்தான் அவள் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை என்ற இடத்தில் வீட்டுவேலை என்று எழுதியிருந்தாள், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவள் கேட்கிறாள், இப்போது, முதல் தடவையாக. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சிரித்தேன். "நாங்கல்லாம் போகவே மாட்டோம்டி. காலையில வீட்ல போனா அப்புறம் சாயங்காலம் வீட்லதான். மிஞ்சிப் போனா ஒரு தடவ." என்ன பெருமை எனக்கு. கல்லு மாதிரி பொம்பளைங்க நாங்க, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரியா என்கிற மிதப்பு. அவள் டக்கென்று ஒரு எழுத்துத் தட்டினாள். ஒரே ஒரு தட்டு. எனக்கு இப்போதும் கேட்கிறது. ஒன்று. அந்த ஒன்றை நூற்றியெண்பது பொம்பளையின் அடிவயிற்றில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன், அவள் கட்டினாள்.

ஏண்டி, நீ கேட்டாயே, ஏன் போக மாட்டீங்கம்மா என்று கேட்டாயா? இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நாக்கு ஒட்டினாலும் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்று சொல்லியிருப்பேன். காலையில் ஒரு டம்ளர் காப்பி, அதோடு சரி, மத்தியானம் சோறு விக்கினால் ஒரு வாய். திருச்சியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி கட்டும்போது ஏழாவது மாடிவரைக்கும் சட்டி சுமந்தோம். எத்தனை பாத்ரூம் அந்தக் கட்டடத்தில், மாடிக்கு இருபது, பீங்கான் எல்லாம் நான் தலையில் தூக்கிக்கொண்டு போய் இறக்கினது, எங்களுக்கு ஒன்று கிடையாது. சகுந்தலாவும் நானும் ஜோடி. அவள் கருப்பாயூரணிக்காரி, என்னைவிட வாய் நீளம். செங்கல் அட்டிக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி சேலை முந்தியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேல் மாடியிலிருந்து கம்பி கட்டுகிறவன் விசிலடிப்பான். சகுந்தலா அண்ணாந்து பார்த்து, "கீழ வாடா, ஒங்க ஆத்தாளுக்கும் இப்படித்தான், வந்து பாரு" என்பாள். எனக்குப் பாதியிலேயே நின்றுவிடும். திரும்பி வந்தால் மேஸ்திரி. "ரெண்டு பேரா எதுக்குப் போறீங்க? ஒருத்திக்கு வந்தா ஒருத்திக்கும் வந்துருமா?" அரை நாள் கூலி வெட்டு, இரண்டு பேருக்கும். அப்புறம் எப்படிப் போவோம். ஒத்தையாகப் போக முடியாது, ஜோடியாகப் போகக் கூடாது, அப்போது போகாமல் இருப்பதுதான் கணக்கு. இதுதான் பெனிட்டா அந்த ஒன்று. ஒத்தையாக எவளும் போக மாட்டாளடி. அந்த மிஷினுக்குத் தெரியாது சரி, உனக்குமா தெரியாது.

அவளுக்கு எப்படித் தெரியும், நான் சொன்னேனா என்ன. அப்போது அவள் என் வயிற்றில் ஆறு மாசம். அரை மணிக்கு ஒரு தடவை முட்டும், அவள்தான் உள்ளேயிருந்து முட்டுவாள், கால் வைத்து நேராக அந்த இடத்திலேயே உதைப்பாள். சட்டியை இறக்கிவிட்டு ஓரமாக நகர்ந்தேன். மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். "வயித்துல புள்ளை இருக்கா, இல்ல தண்ணித் தொட்டி இருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். சித்தாள்களும் சிரித்தார்கள். சகுந்தலா மட்டும் சிரிக்கவில்லை. நான் திரும்பி வந்து சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்கப் போகவில்லை. பெனிட்டா, உன்னைச் சுமந்துகொண்டு அடக்கினேன். அப்புறம் குளிர் காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கையை ஓங்காத குறை. "தண்ணி குடிக்க மாட்டியா? புள்ளையக் கொல்லப் போறியா?" தலையாட்டினேன். இன்றைக்கும் அந்த இடம் சரியாகவில்லை, தும்மினால் நனைகிறது, பஸ்ஸில் தூரமாகப் போக முடிவதில்லை, பூசையில் பிரசங்கம் நீண்டால் எழுந்து போய்விடுவேன், பக்தி இல்லாதவள் மாதிரி. இதையெல்லாம் மறைத்து வைத்துவிட்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, மிஞ்சிப் போனால் ஒரு தடவை. தூ. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. இல்லை, திட்டத்தான் வேண்டும். இன்ஜினியர் படித்தவள் இல்லையா, அவளுக்குக் குடல் இருக்கிறது, மூத்திரப் பை இருக்கிறது, காலையிலிருந்து அவளே மூன்று தடவை போய்விட்டு வந்தாள், மீட்டிங் பயத்தில். எண்ணினேன், எட்டு மணியிலிருந்து ஒன்பதே முக்காலுக்குள் மூன்று தடவை. உனக்கு மூன்று, ஆரஞ்சுப் புள்ளிக்கு ஒன்றா?

போன் நடுங்குகிறது. சவரி, மகன், கோயம்புத்தூரிலிருந்து. சத்தம் வராமல் எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறேன். "என்னம்மா, கோவில்ல இருக்கியா? கிசுகிசுன்னு பேசுற." "அக்காவுக்கு மீட்டிங்டா." "ஓ, ஸ்டேடியம் மகராணியா? எனக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லு, நெழல் பக்கமா." சிரிக்கிறான். சிரிக்க வைக்காதே பாவி, சிரித்தால் போய்விடும். "சாப்பிட்டியா? தண்ணி நெறைய குடிம்மா, டாக்டர் சொன்னாருல்ல." "வையிடா போன" என்கிறேன். அவன் திகைத்துப்போய், "ஏம்மா, கோவமா?" என்கிறான். இத்தனை வருசத்தில் அவன் என்னைக் கேட்காத கேள்வி. வைத்துவிட்டேன். பத்து நாற்பத்தெட்டு. எதிர்வீடு பூட்டு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். கீழே வாட்ச்மேனுக்கு ஒன்று இருக்கிறது, நாலு மாடி இறங்க வேண்டும், இறங்கினால் படியிலேயே அவமானம். விட்டு விட்டு வருகிறது, அலை மாதிரி. நெற்றியில் வேர்வை. மாதாவே, நாலாவது மணி. நிறைமாதமாக உன்னைக் கழுதைமேல் உட்காரவைத்து நாலைந்து நாள் கூட்டிக்கொண்டு போனார்களே, பேர் எழுத. பேர் எழுதத்தான். ராஜாவுக்கு எண்ணிக்கை வேண்டும் என்று. அந்த வழியில் நீ எத்தனை தடவை இறங்கினாய்? சூசையப்பர் எத்தனை தடவை திரும்பி நின்றுகொண்டார்? ஒருத்தராவது எழுதி வைத்தார்களா? நட்சத்திரத்தை எழுதினார்கள், மாட்டை எழுதினார்கள், சத்திரத்தில் இடமில்லை என்று எழுதினார்கள். உன்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீயும் என்னை மாதிரிதான் சொல்லியிருப்பாய். பரவாயில்லை, ஒரு தடவை போதும் என்று. சொல்லியிருப்பாயா? தப்பு அம்மா, அப்படிச் சொல்லக் கூடாது. நல்ல பொம்பளை என்று பேர் வாங்குவதற்காகச் சொல்லிவிடுகிறோம், பின்னால் வருகிறவள் அதில் மாட்டிக்கொள்கிறாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும், சாமி, ஒரு பொய் சொன்னேன் என்று. என்ன பொய்யம்மா என்று கேட்பார். சொன்னால் சிரிப்பார். மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம். சனிக்கிழமைக்குள் பாஸாகிவிடும். நாலு கக்கூஸையும் அழித்துவிடுவார்கள்.

எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. முட்டியில் கை ஊன்றி, முந்தானையை இழுத்துச் சொருகி, செபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு. கதவுப் பிடி குளிர்ந்திருக்கிறது. திறக்கிறேன். பெனிட்டாவின் முதுகு. அதற்கு அப்பால் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டமாக முகங்கள், எல்லாம் ஆம்பளை முகம், ஒரு கட்டத்தில் அவள். அவள் கட்டத்தில் பின்னால் எங்கள் பாத்ரூம் கதவு இல்லை. பச்சைப் புல்லும் வரிசை வரிசையாக வெறும் நாற்காலியுமாக ஒரு ஸ்டேடியம். அந்தப் படத்தைப் போட்டு வீட்டை மறைத்திருக்கிறாள். நான் நடக்கிறேன். அந்த நாற்காலிகளுக்கு நடுவில் என் பாதித் தலை முளைக்கிறது, மறைகிறது, ஒரு கை வருகிறது, சேலை வருகிறது, புல்லின் மேல் நான் போகிறேன். யாரோ சிரிக்கிறார்கள். "பெனிட்டா, கிரவுண்டுக்குள்ள யாரோ எறங்கிட்டாங்க போலருக்கே!" முகுந்தன் சார் குரல், அவளுடைய மேலதிகாரி, எனக்குத் தெரியும். "மேட்ச் இன்னும் ஆரம்பிக்கல மேடம்!" என்கிறது இன்னொரு கட்டம். எல்லாக் கட்டமும் சிரிக்கிறது. "ஸாரி சார், எங்கம்மா" என்கிறாள் திரும்பாமலே. அவள் காது சிவந்துவிட்டது. நான் உள்ளே போய்த் தாழ் போட்டேன்.

எவ்வளவு நேரம். முடியவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன், வலி விட்டதாலா வேறெதனாலா தெரியவில்லை. தண்ணீர் விட்டால் அங்கே கேட்கும். கை அந்தப் பொத்தான் பக்கத்தில் போய் நிற்கிறது. அப்புறம் அமுக்கினேன். நன்றாக அமுக்கினேன். வீடு முழுக்க அந்தச் சத்தம் இறங்கிப் போயிற்று.

வெளியே வந்தால் அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் கண்ணில் இருப்பது கோபம். என் கண்ணிலும் அதுதான். வாசல் பக்கம் கண்ணைக் காட்டுகிறாள், போய்விடு என்று. நான் போகவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால், அந்தப் புல்லின் நடுவில் நிற்கிறேன். "பெனி, நான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்." "அம்மா, ப்ளீஸ். அப்புறம்." "அப்புறம் எப்ப? கட்டுனதுக்கு அப்புறமா?" என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. கட்டங்களில் முகமெல்லாம் நிமிர்கிறது. "ஒரு தடவ இல்ல. நாலு தடவ, அஞ்சு தடவ. மாசத்துல அந்த நாள்னா இன்னும் அதிகம். வயித்துப் புள்ளக்காரிக்குக் கணக்கே கெடையாது. ஒன்ன சொமந்துக்கிட்டு நான் ஒரு நாளு முழுக்க அடக்குனேன், ரத்தம் போச்சு. பெருமைக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டேன். அதுவும் ஒத்தையா எவளும் போக மாட்டா. ரெண்டு ரெண்டு பேராத்தான் போவா. அந்தப் புள்ளிய ரெண்டு ரெண்டா விடு." மணிக்கட்டில் செபமாலை மணிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. முகுந்தன் சார் தொண்டையைச் செருமுகிறார். "அம்மா சொல்றது நல்ல விசயந்தான். பெனிட்டா, இத நம்ம தனியா பேசிக்கலாம். இப்ப அடுத்த பக்கத்துக்குப் போங்க."

பெனிட்டா அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த அவள் கை ஒரு தடவை தன் வயிற்றின் மேல் போய்விட்டு வந்தது. "இல்ல சார். நான் போட்ட எண்ணே தப்பு. மாத்தி ஓட்டிட்டுத்தான் அடுத்தது." "பதினோரு நாள் போயிரும், தெரியுமில்ல? அது இல்லேன்னா ஒங்க பிளான்ல என்ன இருக்கு?" "தெரியும் சார்." குரல் கரகரக்கிறது. அழுகையா, என்மேல் இருக்கிற ஆத்திரமா. இரண்டும்தான் இருக்கும், என் மகள்தானே. எண்ணுக்கு ஒரு எழுத்துத் தட்டுகிறாள், ஜோடிக்கு இன்னொன்று. அப்புறம் எல்லாப் புள்ளியும் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது, ஓரமாக இரண்டு ஆரஞ்சுப் புள்ளி பிரிகிறது, அதற்குப் பின்னால் இரண்டு, இன்னும் இரண்டு, வாசலில் போய்க் குவிகிறது, குவிந்து நின்று ஒவ்வொன்றாகச் சிவக்கிறது. அவள் திரும்பாமலே சொல்கிறாள். "அம்மா, கதவச் சாத்திட்டுப் போ."

சாத்தினேன். அடுப்படிக்குப் போனேன். குழாயை முழுசாகத் திறந்தேன், சில்வர் டம்ளரில் விழுகிற சத்தம் அந்த அறைவரைக்கும் போகும், போகட்டும். நின்றபடியே குடித்தேன். உள்ளே அவர்கள் ஏதோ கத்திப் பேசுகிறார்கள், அவளும் கத்துகிறாள். இன்னொரு டம்ளர் பிடித்தேன்.